எதிரொலி அடங்கும் நேரம்

எனக்குக் கூச்சல் ஆகாது, ஐயா. வீட்டில்கூட ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்க வேண்டும் என்பேன். அக்காவும் அத்தானும் அதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

தண்ணீருக்கடியிலும் என் வேலை அதுதான். முக்குளிப்பவர் அனுப்பும் செய்தியையும் படத்தையும் அவர் முதுகிலுள்ள கருவி பல மெல்லிய ஒலிகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் கட்டாக அனுப்பும். ஒரு கட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். கடல்தரையிலும் துறைமுகச் சுவரிலும் முட்டித் திரும்பும் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும். இல்லாவிட்டால் பழைய ஒலி புதியதன்மேல் ஏறி எல்லாம் குழம்பிவிடும்.

படம் வேகமாக வரவேண்டும் என்று தலைமைப் பொறியாளர் அந்த இடைவெளியைக் குறைக்கச் சொன்னார். திறந்த கடலில் பரவாயில்லை, சுவரோரம் ஆபத்து என்றேன். கருவியைச் சுமந்து இறங்கப்போவது அத்தான். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன்.

அவர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "மாப்ள தன் நிழலப் பாத்தே பயப்படுற ஆளு சார். நீங்க குறைங்க" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், குறைத்தும் கொடுத்தேன். எனக்கு எவ்வளவு வலித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனாலும் நான் பொறுப்பில்லாதவன் அல்ல. கருவியில் முன்பே இருந்த ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் ஒற்றை ஒலி ஒன்று தனியாக என் காதுக்கருவிக்கு வரும்படி சேர்த்துவைத்தேன். மெதுவானதுதான், ஆனால் எந்தச் சுவரோரமும் குழம்பாது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை சுவரடியில் அத்தானின் கயிறு சிக்கிக்கொண்டது. திரையில் வெறும் குப்பை எழுத்துகள். படகு விளிம்பில் மாற்று முக்குளிப்பவர் முகமூடியோடு தயாராக நின்றார்.

"என்னய்யா சொல்றார்? ஆள இறக்கவா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"தெரியல சார். சுவரோரம் இப்படித்தான் ஆகும்னு அப்பவே சொன்னேனே. படம்தான் அனுப்புறார் போல, கொஞ்சம் பொறுங்க."

என் காதுக்கருவியில் அந்த ஒற்றை ஒலி துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தான் விடாமல் அழுத்தினார். பிறகு விட்டு விட்டு அழுத்தினார். அது நின்றதும் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, இப்போது ஆளை இறக்கலாம் என்றேன்.

கேட்டது நான் மட்டும்தான், மறைத்ததும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இப்போது எல்லாக் கருவிகளிலும் இடைவெளியைப் பழையபடி வைத்துவிட்டார்களாம். அத்தான் இருந்திருந்தால் முதல் ஆளாக ஒப்புக்கொண்டிருப்பார். அக்காவிடம் மட்டும் யாராவது இதை எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. நான் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால் அவள் அழுகையை நிறுத்திவிடுவாள்.