மேல் வடிகால்

டீயில் சர்க்கரை வேண்டாம் என்றுதான் சொன்னேன். போட்டே கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லை ஐயா, குடித்துவிடுகிறேன். நீங்கள் நிதானமாக எழுதுங்கள், நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் அப்பா விட்டுப்போன நிலம் ஒரே சரிவில் இரண்டு துண்டு. கீழ்த்துண்டும் அதிலிருந்த வீடும் அண்ணனுக்கு, மேல்துண்டு எனக்கு. அங்கேயே வீடு கட்டிக்கொண்டேன். என் வாசலில் நின்றால் காடும் மூன்று மலைகளும் தெரியும். நான் நிலத் தரகன். வருகிறவர்களை எல்லாம் முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன். அதனால் கடைத்தெருவில் எனக்கு ‘வியூபாயிண்ட்’ என்று பெயர். அண்ணனுக்கு ‘அட்டை’. ஒட்டிக்கொண்டால் நிலத்தை விடமாட்டார் என்று அந்தப் பெயரை வைத்ததே நான்தான். அவரும் கேட்டுச் சிரித்தார்.

போன கோடையில் ஒரு விடுதிக் கம்பெனி வந்தது. காட்டை ரசிக்க வருகிறவர்களுக்கு மரங்களுக்கு நடுவே குடில்கள் கட்டுவார்களாம். என் இடம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு துண்டும் சேர்ந்தால்தான் வாங்குவோம், இல்லையென்றால் அடுத்த மலையைப் பார்க்கிறோம் என்றுவிட்டார்கள். அண்ணனிடம் நடையாய் நடந்தேன். அவர் கோபப்படவே இல்லை. “உனக்கு என் நிலத்துல பாதை வேணும்னா எடுத்துக்கடா. வீட்ட மட்டும் கேக்காத” என்றார்.

அண்ணிக்கு மூச்சிரைப்பு, ஈரம் ஆகாது. ஒரு மழைக்காலம் வீட்டுக்குள் தண்ணீர் கசிந்தால் அண்ணனே கிளம்பலாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

வடிகாலைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். சரிவில் இறங்கும் மழைநீரை வீட்டுப் பக்கம் விடாமல் குறுக்கே வெட்டி ஓடைக்குத் திருப்புகிற கால்வாய் அது. மழைக்கு முன்னால் மேல் வடிகாலை நான் தூர்வாருவேன், கீழ் வடிகாலை அவர். அப்பா போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஒருவர் வேலையை மற்றவர் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

இந்த வருடம் நான் தூர்வாரவில்லை. மண் நிரப்பிய ஆறு சாக்குகளைக் குறுக்கே அடுக்கினேன். பின்சுவரில் ஈரம் ஏறினால் போதும் என்பதுதான் என் எண்ணம். சத்தியமாக அவ்வளவுதான்.

மழை பிடித்த மூன்றாம் நாள், பகல் பதினோரு மணிக்கு அண்ணன் போன் செய்தார். வீட்டுக்குப் பின்னால் தரை நீளமாக வெடித்திருக்கிறது என்றார். முப்பது வருடமாக மலைநிலம் விற்கிறவன் நான். அந்த வெடிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

“மேல் வடிகால் சரியா இருக்குல்லடா?”

“நேத்துதான் பாத்தேண்ணே. சரியா இருக்கு.”

“பாப்பா வேற லீவுக்கு வந்திருக்கா. மழை விடுற வரைக்கும் எல்லாரும் உன் வீட்டுக்கு வந்துடட்டுமா?”

பாப்பா அவருடைய மகள். நடக்கப் பழகியதே என் விரலைப் பிடித்துத்தான். அவள் பேச்சு வந்ததும் வாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் என் வீட்டுக்கு ஏறி வரும் ஒற்றையடிப் பாதையில் வடிகாலைத் தாண்டித்தான் வர வேண்டும். சாக்குகள் கண்ணில் படும். அதன் பிறகு அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

“எதுக்குண்ணே இந்த மழையில? அங்கயே இருங்க. ஒண்ணும் ஆகாது” என்றேன்.

சரிடா என்று வைத்துவிட்டார்.

மண் இறங்கியபோது மணி இரண்டரை. நான் ஜன்னலோரம்தான் நின்றிருந்தேன். மூன்று பேரையும் வெளியே எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. நானும் மண்வெட்டி பிடித்தேன், கை கொப்பளித்த பிறகும் விடவில்லை. என்னைப்போல் அழுதவர்கள் அங்கே யாருமில்லை. பாப்பா மழைக்கோட்டு போட்டிருந்தாள், கழுத்துப் பொத்தான் வரைக்கும். கிளம்பத் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

வடிகாலை அடைத்தது நான். சரியாக இருக்கிறது என்று பொய் சொன்னதும், வர வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஐயா. தரையே வெடித்த பிறகும் ஒரு நடை மேலே ஏறி வந்து பார்க்காமல், தம்பி சொன்னதை அப்படியே நம்பினாரே, அந்தக் கவனக்குறைவுக்கு நான் பொறுப்பில்லை.