கெஜத்தை மீற்றராய் அளந்த கைகளுக்கு

கால்வாய்க்கரை அகதிகள் விடுதியின் காவலரே! குழாய்க்கும் குளிருக்கும் கோளாறுக்கும் ஒருங்கே வைத்தியம் பார்த்த வல்லவரே! எல்டர்பி டவுண் உதைபந்தாட்டக் கழகத்தின் கடல்கடந்த கதைசொல்லியே! அண்ணை என்று நாங்கள் அழைக்க, அதன் பொருளைக் கேட்டறிந்து, அன்று தொடக்கம் ஜேர்மன் மரியாதைப்படி ஹெர் பிறிங்மன் என்று கூப்பிட்டால் திரும்பியும் பாராத எங்கள் ஹெல்முட் அண்ணை அவர்களே! வணக்கம்.

இம்மடலைத் தமிழில்தான் எழுதவேண்டும் என்று விடுதிக் கூட்டத்தில் ஒருமனதாக முடிவாயிற்று. உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஓய்வு பெறுகிறவருக்கு மடல் வாசித்துக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கொடுக்காவிட்டால், எங்கள் ஊரில் அவர் ஓய்வு பெற்றதாகவே கொள்ளமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் நவரத்தினம் பந்திக்குப் பந்தி ஆங்கிலத்தில் சொல்லுவார். அதுவரை பொறுத்திருங்கள், நீங்கள் எங்களைப் பொறுத்தது நான்கு ஆண்டுகள்.

பத்தொன்பது ஆண்டுகள் இந்தக் கட்டடத்தைப் பராமரித்த தாங்கள், 1984ஆம் ஆண்டு மாசிப் பனியில், செருப்புக் காலோடு வந்திறங்கிய எங்களை வாசலில் நின்று வரவேற்றீர்கள். வரவேற்றீர்கள் என்பது மடலுக்குரிய சொல். உண்மையில் கதவைச் சாத்தச் சொல்லித்தான் சத்தம் போட்டீர்கள். வெப்பமூட்டி எரிய யன்னலைத் திறந்து வைத்ததற்காகவும், மிளகாய் வறுத்த புகையில் தீ மணியை அடிக்கவைத்ததற்காகவும் தாங்கள் திட்டிய திட்டுகளை ஏட்டில் எழுதினால் இந்தச் சட்டம் கொள்ளாது. ஆனால் தாங்கள் திட்டியது ஆங்கிலத்தில். இந்த நாட்டில் எங்களுக்கு விளங்கிய முதல் மொழி அதுதான். அதனால் அந்தத் திட்டும் ஆறுதலாகவே இருந்தது.

ஆங்கிலம் ஆரம்பித்ததும் எல்டர்பி டவுணும் ஆரம்பித்துவிட்டது. 1888இல் இங்கிலாந்தில் செங்கற்சூளைத் தொழிலாளர் தொடங்கிய கழகம் என்பதால் அதன் சட்டை செங்கல் நிறம் என்றீர்கள். 1911இல் மாவட்டக் கிண்ணத்தை வென்றபோது கோல் காத்தவர் ஒரு வெதுப்பகக்காரர் என்றும், பாணை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வரத் தாமதமானதால் முதற் பத்து நிமிடமும் கோல் வெறுமையாகக் கிடந்தது என்றும் சொன்னீர்கள். யுத்தகாலத்தில் மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு நட்டதையும் சொன்னீர்கள். குழாய் திருத்த வந்தால் ஓர் அத்தியாயம், பூட்டு மாற்ற வந்தால் இன்னோர் அத்தியாயம். மேற்கு ஜேர்மனியின் தலைநகரம் எதுவென்று தெரியுமுன்பே எல்டர்பியின் கோல்காப்பாளரை எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கழகத்தைத் தங்களுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. வானொலியில் கேட்டிருப்பீர்கள் என்று இருந்துவிட்டோம்.

தங்கள் பேச்சைக் கேட்டே விடுதிக்கு ஓர் அணி உண்டானது. ஊர்க் கழகத்தின் இரண்டாம் மைதானத்தை, இருபத்தெட்டு ஆண்டு உறுப்பினரான தாங்கள் பொறுப்பேற்று, ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு வாங்கித் தந்தீர்கள். எங்களில் பெரும்பாலோருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை, வழக்கின் முடிவு வருமட்டும் கட்டிலில் இருந்து சுவரைப் பார்ப்பதே தொழில். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் ஒருவருடைய பெயரை இன்னொருவர் உரத்துக் கூப்பிட்டோம்.

1986 வைகாசியில் ஊர்க் கழகத்தோடு எங்கள் முதற் போட்டி. அன்றுதான், எங்களைத் தவிர வேறொருவரும் விடமுடியாத பிழையை நாங்கள் விட்டோம். டுசல்டோர்ஃபிலிருந்து நவரத்தினம் வாங்கிவந்த தேங்காயை மைதானத்தின் நட்டநடுவே உடைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கற்பூரத்தையும் அங்கேயே கொளுத்தினோம். அணித்தலைவர் லோறன்ஸ் மன்னார்க் கத்தோலிக்கர்; பந்தடிக்கு முன் கற்பூரம் கொளுத்துவதில் அவருக்குச் சமயபேதம் கிடையாது. ஒரு கட்டி போதும் என்ற இடத்தில் பெட்டி முழுவதையும் கொட்டினார். அந்த வசந்தத்தில்தான் விதைத்த புல், சோற்றுக்கோப்பை அகலத்துக்குக் கருகியது. திங்கட்கிழமை புல்வெட்டும் இயந்திரம் சிரட்டைத் துண்டில் ஏறி அலகை முறித்துக்கொண்டது. போட்டியில் ஏழு கோலால் தோற்றதை எழுதவேண்டாம் என்று லோறன்ஸ் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டோம்.

மைதான வாயிற் பூட்டின் திறப்பை எங்களிடமிருந்து திரும்பப் பெற ஊர்க் கழகம் கூட்டம் கூட்டியது. அன்று மாலை தங்கள் பட்டறை வாசலில் லோறன்ஸ் தலைகுனிந்து நின்று சொன்னதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "பிழை எங்கட பிழைதான் அண்ணை. ஆனா அந்தக் கிரவுண்டும் இல்லையெண்டால் எங்களுக்கு இஞ்சை கால் வைக்க ஓரிடமும் இல்லை." தாங்கள் பட்டறையைப் பூட்டினீர்கள். கோட்டை மாட்டிக்கொண்டு, நவரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அந்தக் கூட்டத்தில் தாங்கள் பேசியதை நவரத்தினம் எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இருபது வயதில், யுத்தம் முடிந்த கையோடு, எல்டர்பிக்குப் பக்கத்துக் கைதி முகாமில் தாங்கள் இருந்ததை அன்றுதான் ஊர் அறிந்தது, நாங்களும் அறிந்தோம். உருளைக்கிழங்குத் தோட்டத்தைத் திரும்பவும் மைதானமாக்கியது கைதிகளாம். 1947இல் முதற் போட்டிக்குக் கோடு கீறுகிற வேலை தங்களுக்கு. தாளில் பதினெட்டு என்றிருந்ததைத் தாங்கள் மீற்றரில் அளந்தீர்கள். அந்த நாட்டுக்காரர் எழுதியிருந்தது கெஜம். கோலின் முன்னுள்ள பெட்டி பெருத்துப்போய்க் கிடக்க, நடுவர் அளவுநாடாவோடு நிற்க, சனம் சிரிக்க, ஆட்டம் நாற்பது நிமிடம் பிந்தியது. ஜேர்மன்காரன் வேண்டுமென்றே செய்த வேலை, முகாமுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று நிர்வாகிகள் சிலர் நின்றார்கள். அப்போது கழகத்தின் சட்டைகளைத் தோய்க்கிற பெண்மணி எழும்பினார். அவருடைய மகன் யுத்தத்திலிருந்து திரும்பவில்லை. "சுண்ணாம்பு வாளியை அவனுடைய கையிலேயே திருப்பிக் கொடுங்கள்" என்றார் அவர். "பிழைத்த இடத்தில் அவனே சரியாகக் கீறட்டும்."

இதைச் சொல்லிவிட்டு, இவர்களுடைய கையில் புல்விதையைக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு அமர்ந்தீர்களாம். வாக்கெடுப்பில் இரண்டு கைகள் கூடுதலாக உயர்ந்தன. திறப்பு எங்களிடமே தங்கியது.

அந்தக் கருகிய வட்டத்தை நாங்கள் கொத்தி விதைத்தோம். எங்களோடு விடுதியில் இருக்கும் கலாதேவி சமையற்கட்டு வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். மூன்றாம் கிழமை முளை கண்டபோது லோறன்ஸ் அழுதார், நாங்களும் அழுதோம். இப்போது தேங்காய் வேலிக்கு வெளியே உடைகிறது. கற்பூரம் தகரத் தட்டில் எரிகிறது; தட்டைப் பிடிப்பவர் தாங்கள். அணியில் பாதிப் பேருக்கு வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனாலும் சென்ற ஆண்டு நான்கு போட்டிகளில் வென்றோம், ஊர்க் கழகத்து இளைஞர் இருவர் எங்கள் அணிக்கே ஆடுகிறார்கள்.

ஐயா, தங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டோம். இப்போது சொல்லுகிறோம். பங்குனியில் எல்டர்பி டவுண் கழகத்துக்கு நாங்கள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினோம். பதில் வந்திருக்கிறது. அவர்களுடைய வரலாற்று ஏட்டில், 1947ஆம் ஆண்டின் கீழ், கைதி ஒருவர் கோடுகளைப் பிழையாகக் கீறியதால் ஆட்டம் பிந்தியது என்று ஒரே ஒரு வரி உண்டாம். பெயர் தெரியாமலே இருந்ததாம். இந்த ஆண்டு வெளியிடும் நூற்றாண்டு மலரில் ஹெல்முட் பிறிங்மன் என்று பெயரிட்டு அச்சேற்றுகிறார்கள். புரட்டாதியில் நடக்கும் நூற்றாண்டுப் போட்டிக்குக் கோடு கீறித் தர வரமுடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். கடிதம் இந்தச் சட்டத்தின் பின்புறத்தில் செருகியிருக்கிறது.

கூட வர எங்களுக்கு ஆசைதான். மாவட்ட எல்லை விடாது. எங்கள் முடிவுகளும் ஒருநாள் நல்லபடி வரும், அப்போது நாங்களும் வந்து அந்தக் கோடுகளைப் பார்ப்போம். இப்போதைக்கு எங்களுக்குப் பதிலாக, கலாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த தையல் நாடா தங்களோடு வரும். அது அங்குல நாடா. முப்பத்தாறாம் அங்குலத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். ஒரு கெஜம் அதுதான்.

தங்கள் முழங்கால் நோவு தீரவும், தங்கள் குரல் இதேபோல் நெடுங்காலம் உரத்து ஒலிக்கவும், தங்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் எல்டர்பியின் வரலாற்றைச் சலிக்கச் சலிக்கச் சொல்லி வாழவும் மனதார வேண்டுகிறோம். போயிட்டு வாங்கோ அண்ணை. அளந்து கீறுங்கோ. பிழைச்சாலும் பயப்பிடாதேங்கோ, வாளியை உங்கட கையிலதான் திருப்பித் தருவினம்.

இங்ஙனம், தங்கள் அன்பு மறவாத
கால்வாய்க்கரை விடுதி ஊழியரும் வாசிகளும்
எழுத்து: புஸ்பவதி, சமையற்கட்டு
ஹம் நகருக்கு அண்மையில், ஆனி 1988