நாலு நிமிடம் முந்தி

உங்கள் சுவர்க் கடிகாரம் ஒன்றரை நிமிடம் பிந்தி ஓடுகிறது, ஷெரிஃப். எழுந்து சரிசெய்யட்டுமா? வேண்டாமென்றால் விடுங்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.

வங்கிக் கட்டடத்து உச்சியில் இருக்கும் கடிகாரத்துக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் சாவி கொடுக்கிறேன். அதை நாலு நிமிடம் முந்தி ஓடவிட்டதும் நான்தான். யாரும் ரயிலைத் தவறவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஊருக்குத் தெரியாமல் போகுமா? ஒரே மாதத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்து, மனதுக்குள் நாலைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

அந்தக் கழித்தலை என் பேச்சுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டவன் ரொட்டி வண்டி ஓட்டும் டெல்பர்ட். போரில் இரண்டு காதும் போனவன். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வான். முடிவெட்டும் கடையில் ஒருநாள், ஏரியில் ஒன்பது மீன் பிடித்தேன் என்றேன். நாலு விரலைத் தூக்கிக் காட்டினான். "ஆரின் சொன்னா நாலு கழிச்சிக்கணும்ப்பா. அப்போ அஞ்சு." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையில் பிடித்தது ஆறு.

அதன்பிறகு நான் வாயைத் திறந்தாலே ஊரில் நாலு விரல் எழுந்தது. பொறுத்துக்கொண்டேன். போன வாரம் ஐரீனின் சாப்பாட்டுக் கடையில், அவளிடம் மெதுவாகச் சொன்னேன்: "நாலு வருஷமா உன்னையேதான் நினைச்சிட்டிருக்கேன், ஐரீன்." அடுத்த மேசையிலிருந்து டெல்பர்ட் கத்தினான்: "நாலுல நாலு போனா பூஜ்யம், ஐரீன்!" அவள் கையிலிருந்த ஆப்பிள் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போ ஆரின், உனக்கு எப்பவும் விளையாட்டுதான்."

அன்றிலிருந்து வங்கிப் படியில் காரணமில்லாமல் ஏறினேன், இறங்கினேன். பொய்யன் என்கிறார்களா, சரி, உண்மையையே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லையே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பார்களா?

கொலம்பஸ் போகும் விரைவு வண்டி ஏழு நாற்பதுக்கு ஊரில் நிற்காமல் போகும். வங்கியைத் தாண்டியதும் லெவல் கிராசிங். கேட் கிடையாது, மணி மட்டும்தான். தானியக் கிடங்கு மறைப்பதால் தண்டவாளத்தில் ஏறும்வரை ரயில் தெரியாது. டெல்பர்ட்டுக்கு மணியும் கேட்காது. தினமும் வங்கி முன்னால் வண்டியை நிறுத்தி, என் கடிகாரத்தைப் பார்த்து, நாலைக் கழித்துத்தான் போவதா நிற்பதா என்று முடிவு செய்வான்.

அன்று முள் ஏழு முப்பத்தொன்பதில் இருந்தது. அவன் ஏழு முப்பத்தைந்து என்று எடுத்துக்கொண்டிருப்பான். நான் மேலே, கடிகார முகப்புக்குப் பக்கத்து ஜன்னலில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே நாலு விரலைத் தூக்கினான். நானும் கையைத் தூக்கினேன். நிறுத்தச் சொல்லியா என்று கேட்கிறீர்கள். ஒருவன் கை காட்டினால் பதிலுக்குக் காட்டுவதுதானே மரியாதை.

வண்டியைக் கிளப்பினான்.

சத்தம் அடங்கியதும் முள்ளை மறுபடி நாலு நிமிடம் முந்தி வைத்தேன். யாரும் ரயிலைத் தவறவிடக் கூடாதல்லவா.

ஆமாம், அவன் கழிப்பான் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும்: இந்த ஊரில் டெல்பர்ட் ஒருவனுக்குத்தான் நான் ஒரு நிமிடம்கூடக் கூட்டாமல் உண்மையைச் சொன்னேன்.