மாமாவின் மூக்கு

கெட்டிலின் அடியில் படியும் உப்புக்கறைக்கு அரை எலுமிச்சம்பழம் போதும், மச்சான். உட்காருங்கள், நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் தங்கை உள்ளே அழுது முடிக்கட்டும்.

எங்கள் வீட்டுத் தண்ணீரின் லட்சணம் உங்களுக்கே தெரியும். குழாய், ஷவர், வாஷ்பேசின் எல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஆசிட்டை ஊற்றிச் சுரண்டுவார். எனக்கு அந்த முரட்டுத்தனம் ஆகாது. பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவேன். ஊறவிட்டால் எதுவும் வழிக்கு வரும்.

மாமாவின் சிலைக்கும் அதையேதான் செய்தேன். மற்ற மாமனார்கள் கல்யாணப் பரிசாகக் கட்டில் தருவார்கள், பீரோ தருவார்கள். உங்கள் அப்பா தன் பளிங்குக் கடையிலேயே நல்ல கல்லாகப் பொறுக்கி, தன் தலையைச் செதுக்கித் தந்தார். அது எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நேரெதிரே வந்து உட்கார்ந்தது. ஞாயிறுதோறும் அவரும் வந்து அதன் பக்கத்தில் உட்கார்வார். "மாப்ள, நீங்க பேசவே வேணாம். நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்பார். நானும் கேட்டேன், அவர் கண் மூடும்வரை கேட்டேன்.

அதன் பிறகு உங்கள் தங்கை தினமும் அந்த முகத்தை ஈரத்துணியால் துடைத்து, "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். என்னிடம் சொல்ல மறந்துவிடுவாள். குறையாகச் சொல்லவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். ஆனாலும் வலித்தது.

துடைத்தது எங்கள் வீட்டுத் தண்ணீர் அல்லவா, சிலையிலும் உப்புப் படிந்தது. "என்னங்க, அப்பா மூஞ்சியெல்லாம் பழுப்பா படிஞ்சிருக்கு. கெட்டிலுக்குப் பண்ற மாதிரி மெதுவா ஏதாவது பண்ணுங்களேன்" என்று அவளேதான் கேட்டாள்.

வினிகர் பாட்டிலின் பின்பக்கத்தில், பளிங்கின் மீது படக்கூடாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. உப்புக்கறையும் பளிங்கும் கிட்டத்தட்ட ஒரே சரக்காம். ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைத்துவிடுமாம். முதல் நாளே படித்துவிட்டேன். எதையும் படிக்காமல் பயன்படுத்துகிற ஆள் இல்லை நான்.

எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. அவள் கிளம்பியதும் பஞ்சை நனைத்து மாமாவின் முகத்தில் ஒட்டுவேன். மெல்ல நுரைக்கும். கறை ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் மூக்கு நுனியில் இன்னும் கொஞ்சம் இருப்பதுபோல் ஒரு சந்தேகம். எடுத்த வேலையை அரைகுறையாக விடுவது என் பழக்கமில்லை. மூக்குக்குப் பிறகு மீசை, மீசைக்குப் பிறகு உதடு. இரண்டு வருஷம் பிடித்தது. அவசரமே படவில்லை.

தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் தெரிவதில்லை. ஒருநாள் அவளே, "அப்பா முகத்துல இருந்த கோவமெல்லாம் போயிடுச்சுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்றைக்கு நீங்கள் அப்பாவின் பழைய மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்து எடுத்து வராமல் இருந்திருந்தால், எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம். சிலைக்கு மாட்டினீர்கள், சரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி மாட்டினீர்கள், மறுபடி சரிந்தது. அப்புறம் அவள் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். "அப்பா மூக்கு எங்கங்க?" என்றாள்.

நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் கோபத்தில் செய்ததாக மட்டும் நினைத்துவிடாதீர்கள், மச்சான். மாமா மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இப்போதெல்லாம் தினமும் அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறேன். வேண்டுமானால் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அவருடைய காது இரண்டிலும் ஒரு சொட்டுக்கூடப் படவிடவில்லை.