தடுக்கிய இடத்தில் ஒரு புள்ளி

எழுத்தை எளிதாக்கியவரே, வாசிப்பை வசமாக்கியவரே, வாய் திறக்க அஞ்சிய பிள்ளைகளின் வாய்ப்பூட்டைக் கழற்றி எறிந்தவரே, வகுப்பறையில் புள்ளியம்மாவாகவும் ஆசிரியர் அறையில் டீச்சராகவும் வீற்றிருந்து கோலோச்சிய எங்கள் தமிழாசிரியப் பெருமாட்டியே, வணக்கம்!

இந்த முதல் வாக்கியத்தைத் தடுக்காமல் வாசித்து முடித்திருப்பவர் யார் என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மைக்குக்கு முன்னால் நிற்பவர் நம் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவனையும் ஒரே விசிலில் நிறுத்திவிடுகிற இந்த மனிதர், ஒரு பக்க எழுத்தைக் கண்டால் தாமே நின்றுவிடுவார் என்பது நம் பள்ளி அறிந்த செய்தி. உங்கள் பணிநிறைவு விழாவில் இந்த மடலை யார் வாசிப்பது என்று பேச்சு எழுந்தபோது, "நான்தான் வாசிப்பேன். வேற யாராவது வாசிச்சா நான் விழாவுக்கே வரமாட்டேன்" என்று அவர் அடம்பிடித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எங்கும் தடுக்காமல் வாசித்துக் காட்டுவது என்று தமக்குத் தாமே பந்தயமும் கட்டிக்கொண்டார். அதனால்தான் உங்கள் கையில் மடலின் ஒரு படியையும் சீவிய பென்சிலையும் கொடுத்திருக்கிறோம். வகுப்பில் செய்வதுபோலவே, தடுக்கிய இடத்தில் புள்ளி வையுங்கள். சலுகை எதுவும் வேண்டாம் என்பது அவரே சொல்லி அனுப்பியது.

தம் கதையைத் தாமே யாரோ ஒருவர் கதைபோல வாசிப்பதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்தான். எழுதலாமா என்று முறைப்படி கேட்டோம். "உள்ளதை உள்ளபடி எழுதுங்க. கண்ணாடி விஷயத்தையும் விடாதீங்க" என்று பெரிய மனது பண்ணினார்.

அன்பு வடிவானவரே! உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தான் எழுதியதைத் தானே வாசித்ததில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் வாசிக்க வேண்டும். எழுதியவர் வாயை மூடிக்கொண்டு, கையில் இன்னொரு படியோடும் பென்சிலோடும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாசிப்பவரின் நாக்கு எங்கே தடுக்குகிறதோ, மூச்சு எங்கே போதாமல் போகிறதோ, அங்கே ஒரு புள்ளி. வைத்த புள்ளிக்கு விளக்கம் சொல்லக் கூடாது. "இல்ல புள்ளியம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று எவராவது இழுத்தால், "அதை அங்கயே எழுதியிருக்கலாமே கண்ணு" என்று சிரித்துக்கொண்டே மடக்குவீர்கள். புள்ளி விழுந்த இடத்தை வெட்டியோ, உடைத்தோ, புதிதாக எழுதியோ மறுபடி நீட்ட வேண்டும். புள்ளியே விழாத பக்கத்தைச் சுவரில் ஒட்டுவீர்கள். அந்தச் சுவரில் இடம்பிடிக்க எங்கள் பிள்ளைகள் போட்ட சண்டையைக் கால்பந்துக் கோப்பைக்குக்கூட அவர்கள் போட்டதில்லை.

வாசிப்புக்கும் உங்களிடம் தனி வழிகள் இருந்தன. புத்தகத்தைத் திறக்குமுன் தலைப்பைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வீர்கள். ஊகம் பொய்த்துவிட்டால் உங்களுக்கு இரட்டைச் சந்தோஷம், ஏனென்றால் பிள்ளை இனி விழித்துக்கொண்டு படிப்பான். ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வீர்கள். தெரியாத சொல் வந்தால் அகராதிக்கு ஓடாமல் முன்வரியையும் பின்வரியையும் விசாரிக்கச் சொல்வீர்கள். "அக்கம்பக்கத்துல கேட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். அப்புறமா அகராதியில போய் உறுதி பண்ணிக்கோ" என்கிற உங்கள் குரல் அடுத்த வகுப்பில் பாடம் நடத்திய எங்களுக்கும் கேட்கும். சத்தமின்றி நாங்களும் அதைக் கடைப்பிடித்தோம்.

ஆற்றல்மிகு அம்மையே! இத்தனை இருந்தும் உங்கள் பெருமைக்கு மகுடம் வைத்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த ஆண்டு விளையாட்டுக் கல்விக்கும் பாடப்புத்தகம் வருகிறது என்று சுற்றறிக்கை வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து விளையாட்டு ஆசிரியரும் வகுப்பறைக்குள் போய் நின்று பாடம் வாசித்து நடத்த வேண்டும். கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிப் பையனாக இருந்த நாளிலிருந்தே வரிகள் அவர் கண்ணுக்கு முன்னால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். சத்தமாக வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். யார் எதை நீட்டினாலும் "கண்ணாடி மறந்துட்டேன்" என்று நழுவிவிடுவார். கண்ணாடி போட ஆரம்பிப்பதற்குப் பல வருடம் முன்பிருந்தே அவர் கண்ணாடியை மறந்துவந்தார் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறோம். இனி நழுவ முடியாது என்று தெரிந்ததும், "இந்த வருஷத்தோட போதும். விருப்ப ஓய்வு கேட்டுடலாம்" என்று மனைவியிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள், பயிற்சிக்குக் கோல்கீப்பர் பெண்ணை அழைத்துப்போக உங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவளுடைய பெஞ்சுத் தோழி அன்று வரவில்லை.

"இவ எழுதினதைப் படிக்க ஆள் இல்ல சார். நீங்க படிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள்.

"கண்ணாடி மறந்துட்டேன் டீச்சர்."

"தலையிலதான் இருக்கு சார்."

வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, தப்பிக்க வழியில்லாமல் தாளை வாங்கினார். முதல் வரியிலேயே தடுக்கினார். இரண்டாவது வரியில் நின்றேவிட்டார். காது சிவந்தது, கழுத்து நனைந்தது. எந்த நொடியில் சிரிப்பு வெடிக்குமோ என்று பல்லைக் கடித்தபடி வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பென்சில் தாளைத் தொடும் மெல்லிய சத்தம்தான் மறுபடி மறுபடி கேட்டது. வாசித்து முடித்ததும் கோல்கீப்பர் தன் புள்ளிகளை எண்ணிப் பார்த்து முகம் சுருங்கினாள்.

"சாரி சார். ரொம்ப நீளமா எழுதிட்டேன். உடைச்சுக் குடுக்கறேன்" என்றாள்.

அதுவரை அவர் தடுக்கிய ஒவ்வொரு தடவையும் குற்றம் அவருடையதாகத்தான் இருந்தது. பிரம்படி, கேலி, பட்டப்பெயர் எல்லாம் அவர் பக்கம்தான் வந்தன. ஒரு வகுப்பறையில் எழுத்து தம்மிடம் மன்னிப்புக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை. அவள் வாக்கியங்களை உடைத்து எழுதித் தந்தாள். அவர் மறுபடி வாசித்தார். புள்ளிகள் குறைந்தன. அன்றைய பயிற்சிக்குக் கோல்கீப்பரும் போகவில்லை, பயிற்சியாளரும் போகவில்லை.

மாலையில் ஆசிரியர் அறையில் அவர் உங்கள் மேசை முன் வந்து நின்றதை நாங்கள் விடைத்தாள் திருத்துவதுபோலப் பாவனை செய்துகொண்டு கேட்டோம்.

"டீச்சர், அது அந்தப் பொண்ணு தப்பு இல்ல" என்றார்.

"தெரியும் சார். பாதிப் புள்ளி அவளோடது. மீதி நம்மளோடது. அதை நாம பாத்துக்கலாம்."

உங்களோடது என்று நீங்கள் சொல்லவில்லை. விருப்ப ஓய்வை மறந்துவிட வேண்டியதுதான் என்று அந்த நிமிடமே தோன்றியதாக அவர் இப்போது சொல்கிறார்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் காலி வகுப்பறையில் உங்கள் இருவரின் பயிற்சி தொடங்கியது. ஓர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி சன்னல் வெட்டிக் கொடுத்தீர்கள், மற்ற வரிகள் வந்து மோதாமலிருக்க. மூச்சு விட வேண்டிய இடங்களில் சாய்கோடு போட்டுக் கொடுத்தீர்கள். ஒரே பத்தியை முதலில் முணுமுணுப்பாக, பிறகு மேசைக்குக் கேட்கும்படி, பிறகு கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி வாசிக்க வைத்தீர்கள். "சின்னப் புள்ளைங்க மாதிரி இருக்கு டீச்சர்" என்று அவர் முரண்டினார். "ஓடறதுக்கு முன்னாடி எல்லாரையும் கையைக் காலை உதறச் சொல்றீங்க இல்ல? இதுவும் அதான்" என்றீர்கள். அதற்குமேல் அவர் முரண்டவில்லை. இன்று உங்கள் கையிலுள்ள படியில் சாய்கோடு கிடையாது. அவர் கையிலுள்ள தாளில் அவரே போட்டுக்கொண்டவை நிறைய உண்டு.

கடன் வைக்கிற ஆள் அவர் இல்லை. தம் பங்குக்கு மைதானத்தையே உங்களுக்கு வகுப்பறையாக்கினார். பிள்ளைகள் ஒரு புது விளையாட்டை எழுத வேண்டும், மற்றொரு குழு எழுதியபடியே ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் குழு எழுதியது இவ்வளவுதான்: பந்தை எடுத்தவர் ஓட வேண்டும், மற்றவர்கள் துரத்த வேண்டும். பந்தை எடுத்தவன் ஓடினான். வாயில் கதவைத் தாண்டி, தையற்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம்வரை ஓடினான். பின்னால் வகுப்பு முழுவதும் ஓடியது. அதற்குப் பின்னால் விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதிக்கொண்டே ஓடினார். "விசிலுக்கு நிக்கணும்னு எழுதலையே சார்" என்று பிள்ளைகள் நியாயம் கேட்டார்கள். நீங்கள் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். எழுதியதை யாராவது அப்படியே செய்து பார்க்க வேண்டும் என்பது அன்றுமுதல் எங்கள் பள்ளியில் சட்டமானது. நம் வேதியியல் ஆசிரியரின் ஆய்வகக் குறிப்புகளும் அந்தச் சட்டத்துக்குத் தப்பவில்லை.

அடுத்த ஆண்டின் முதல் நாள், புதுப் புத்தகத்தோடு அவர் வகுப்புக்குள் நுழைந்தார். "நான் படிக்கறேன். எங்க தடுக்குதோ அங்க புள்ளி வைங்க" என்றார். "அச்சடிச்ச புத்தகத்துக்கா சார்?" என்று ஒருவன் கேட்டான். "ஏன், அச்சடிச்சா தடுக்காதா?" என்றாள் கோல்கீப்பர். பாடம் முடிந்தபோது புத்தகத்தில் கணிசமான புள்ளிகள் இருந்தன. பிள்ளைகள் அந்த வரிகளைத் திருத்தி எழுதினார்கள், அவர் திருத்தியதை வாசித்தார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வராந்தாவில் ஒரு தூணுக்குப் பின்னால் நீங்கள் நின்றிருந்ததை அவர் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம்.

பெருமைக்குரியவரே! இந்த மடலும் உங்கள் விதிக்குத் தலைவணங்கியே வருகிறது. முதல் வரைவை எழுதியவர் நம் வேதியியல் ஆசிரியர். அலங்காரத் தமிழில் அவருக்குள்ள மோகம் ஊரறிந்தது. அவர் எழுதிய ஒரு வாக்கியம் பள்ளி வாயிலில் தொடங்கி ஆய்வகத்தில்தான் முடிந்தது. விளையாட்டு ஆசிரியர் அதை வாசிக்க, நாங்கள் புள்ளி வைக்க, தாளில் மிளகு கொட்டியதுபோல் ஆகிவிட்டது. "என் தமிழுக்கே புள்ளியா?" என்று வேதியியல் கொதித்தது. "விளக்கம் சொல்லக் கூடாது சார்" என்று எல்லாருமாக அடக்கினோம். வெட்டினோம், உடைத்தோம், மறுபடி வாசிக்கக் கொடுத்தோம். நீங்கள் இதுவரை கேட்டது அப்படி வந்த தமிழ்.

ஆனால் கடைசி வாக்கியத்தில் கைவைக்க விளையாட்டு ஆசிரியர் விடவில்லை. "எனக்காக எல்லாத்தையும் உடைச்சீங்க, நன்றி. இதை மட்டும் சார் எழுதினபடியே விடுங்க. அதுல இருக்கற புள்ளி பூரா என்னோடது. நான் பாத்துக்கறேன்" என்றார். எனவே பென்சிலை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், டீச்சர்.

நாத் தடுமாறியவர்க்கு நம்பிக்கையும் நடை தடுமாறிய எழுத்துக்கு நயமும் நாளும் பொழுதும் நல்கி, பிழை கண்ட இடத்தில் பழி சொல்லாது வழி சொல்லி, எழுதியவர் தலை குனியாமலும் வாசித்தவர் நெஞ்சு நோகாமலும் ஒரு சிறு பென்சில் முனையால் ஒரு தலைமுறையையே திருத்தி எழுதிய எங்கள் அருமைச் சகோதரியே, உடல்நலமும் உள்ளவளமும் ஒருசேரப் பெற்று, கணவரும் மக்களும் பேரப்பிள்ளைகளும் சூழக் களிப்புற்று, விரும்பிய நூலை விரும்பிய வேளையில் விரும்பிய நாற்காலியில் சாய்ந்து, எந்த மணியோசையும் குறுக்கிடாமல் வாசித்து, நீடூழி நிறைவாழ்வு வாழ்க, வாழ்க என நெஞ்சார வாழ்த்தி நிற்கிறோம்!

இங்ஙனம்,
உங்கள் புள்ளிகளால் திருந்திய,
ஆசிரியர்களும் அலுவலர்களும்

(கையெழுத்துக்குக் கீழே உள்ள வரி, விளையாட்டு ஆசிரியர் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தது.)

படிச்சுட்டேன் டீச்சர். பென்சிலைக் கீழ வெச்சுடுங்க.