ரெண்டு கதவு வண்டி

அப்படி இல்ல சார், சோக்கை முழுசா இழுங்க. ம். இப்ப சாவியைத் திருப்புங்க. இருமும், இருமட்டும். ஆக்சிலேட்டரை மிதிச்சுடாதீங்க, முறுக்கிக்கும். பாத்தீங்களா, வந்துடுச்சு! கேட் திறந்துதான் இருக்கு, வெளிய எடுங்க. ஓட்டிப் பாக்காம யாராச்சும் வண்டி வாங்குவாங்களா?

பின்னாடி இருக்கறதா? டூல்ஸ் பை. இருக்கட்டும், இடிக்காது.

ஷெட்டுல பக்கத்துல நின்னுச்சே, அந்தப் புதுசா? என் வீட்டுக்காரர் எனக்குன்னு வாங்கினது. எட்டு கியர், தானே மாத்திக்கும். சீட்டு முதுகைப் பிடிச்சு விடும். ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் இடுப்பு வலிக்காதாம். நான் போறது காய்கறிக் கடைக்கு.

எள்ளுன்னா எண்ணெயா நிக்கும் சார், ஆனா எனக்கில்ல, அவருக்கு. எங்க நிக்குது, எத்தனை நிமிஷம் நிக்குது, எல்லாம் அவர் போனுக்குப் போயிடும். கடையில தெரிஞ்சவங்களோட நாலு நிமிஷம் கூடப் பேசினா போதும், யாரோட நிக்கிறன்னு உடனே போன். ஒரு நாள் வழியிலயே நின்னேன், வண்டி திரும்பக் கிளம்பவே இல்ல. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே பூட்டிட்டார். தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்க முடியுமா, சொல்லுங்க?

இடது பக்கம். நல்லா இறுக்கித் திருப்பணும், இது பவர் ஸ்டியரிங் இல்ல. கண்ணாடி கூடக் கையாலதான் சுத்தணும். எனக்கு அதான் பிடிக்கும். நான் சுத்தினாதான் இறங்கும்.

ஏன் விக்கிறாரா? போன மாசம் இதை எடுத்துட்டு எங்க அக்காவைப் பாக்கப் போயிட்டேன். மூணு மணி நேரம் நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியல. அவ்வளவுதான். எங்கப்பா ஓட்டின வண்டியாச்சேன்னு கூடப் பாக்கல, வித்துடறேன்னுட்டார். சாவியும் அன்னிலேர்ந்து அவர்கிட்டதான். நீங்க வர்றீங்கன்னுதான் இன்னிக்குக் குடுத்துட்டுப் போனார்.

இல்ல சார், ஸ்டார்ட் பண்ணி மட்டும் காட்டச் சொன்னார். ஓட்டறதெல்லாம் ஞாயித்துக்கிழமை, அவர் இருக்கறப்ப. நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, அந்தப் பாலத்தைத் தாண்டிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்ததே உங்களுக்காகத்தான். நான் தனியா வந்திருந்தா வாசல் தாண்டறதுக்குள்ள அவருக்குத் தகவல் போயிருக்கும். என் போனா? புது வண்டி சீட்டுல கிடக்கு. அவர் பாத்தா, நான் ஷெட்டுல சமர்த்தா உக்காந்திருக்கேன்.

பயமாத்தான் இருக்கு.

அந்த ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல ஓரமா நிறுத்துங்கண்ணா. கதவு கொஞ்சம் கனம், பரவாயில்ல, நானே திறந்துக்கறேன். பின்னாடி அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. டூல்ஸ் இல்ல, என் துணிமணி. வண்டியைக் கொண்டு போய் ஷெட்டுல விட்டுடுங்க. அவர் கேட்டா, வண்டி நல்லா ஓடுதுன்னு சொல்லுங்க. பொய் இல்லையே.