'படுக்கையறை ஜன்னல்' என்னும் வலைப்பூ

ஐயா, அம்மையீர்,

சென்ற வாரம் இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் வரும் ஃபெர்ரிப் படகில் எனக்கு முன்னிருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவள் 'படுக்கையறை ஜன்னல்' என்ற பெயரில் வலைப்பூ எழுதுகிறாள் என்பது அவர்கள் பேச்சிலிருந்து விளங்கிற்று. மற்றவள் அவளுடைய அக்காள்.

"ஞாயித்துக்கெழம பரிசம் போட வராங்க. மாப்பிள்ளையோட அம்மா உன் பேர ஃபோன்ல தேடுனா இதுதான் வரும். மாத்திடு லா."

"ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுறேன்க்கா. அதான் அந்தப் பேரு."

"அவங்க உள்ள போயா படிக்கப் போறாங்க?"

இளையவள் கைப்பேசியில் வலைப்பூவைத் திறந்தாள்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா வலைப்பூவ படிக்கிற ஒரு அக்கா வெள்ளிக்கெழமதோறும் எனக்கு எழுதுவாங்க. புருஷன் அடிக்கிறாராம், ஃபோனையும் புடுங்கிட்டாராம். கூட வேலை செய்றவங்க ஃபோன்ல இந்தப் பேர அடிச்சுத்தான் வருவாங்க. ரெண்டு வாரமா காணோம். இப்ப மாத்திட்டா அவங்க என்னை எப்படிக்கா கண்டுபிடிப்பாங்க?"

ஃபெர்ரி துறையை அணைந்தது.

"என் பேரையும் படத்தையும் எடுத்துடறேன்க்கா. ஜன்னல் பேரு அப்படியே இருக்கட்டும்."

அந்த வலைப்பூவின் பெயர் ஏன் மாறவில்லை என்பது பின்னால் வருவோர்க்குத் தெரியும்படி, இவ்வுரையாடலைத் தங்கள் காப்பகத்தில் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.